இன்கொனல் 718 டிஸ்க்: பெருத்த கிரெய்னை (உலோகத்தின் படிகத் துகளை) ஹீட் ட்ரீட்மென்ட் சரிசெய்யுமா?

உலைக்காரன்:
718 டிஸ்க்கை ஃபோர்ஜ் பண்ணும்போது ஃபினிஷிங் டெம்பரேச்சர் (கடைசி அடி விழும்போது உள்ள சூடு) கூடினால் கிரெய்ன் பெருத்துவிடும் என்று இந்த அளவுக்கு ஏன் பயமுறுத்துகிறீர்கள்? நல்ல சூட்டில் அடித்தால் டை (அச்சு) நிரம்பும், ப்ரெஸ்ஸுக்கு லோடும் குறையும். கிரெய்ன் பெருத்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1200 டிகிரியில் அடித்த இ.என்.24 அலாய் ஸ்டீல் ஷாஃப்டை 870-ல் நார்மலைஸ் பண்ணினால் (சூடேற்றிக் காற்றில் ஆறவிட்டால்) பொடிசாகத்தானே வருகிறது? இன்கொனல் 718 என்ற நிக்கல் அலாய்க்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

நிக்கல்தாசன்:
தனிச் சட்டம்தான் சார். இ.என்.24 சூடேறும்போது ஆஸ்டினைட் என்ற படிக அமைப்பாக மாறுகிறது, ஆறும்போது வேறொன்றாக மாறுகிறது, மாறும்போதெல்லாம் புதுக் கிரெய்ன் பிறக்கிறது, அதனால்தான் நார்மலைசிங் உங்களைக் காப்பாற்றுகிறது. 718-ன் மேட்ரிக்ஸ் (அடிப்படை உலோகம்) அறைச் சூட்டிலிருந்து உருகும் வரை ஒரே எஃப்.சி.சி. படிக அமைப்புதான். வெறுமனே உலையில் வைத்தால் கிரெய்ன் வளரும், சிறுக்காது. சிறுக்க வேண்டுமானால் அடித்துத்தான் ரீகிறிஸ்டலைஸ் ஆக (புதுக் கிரெய்ன் பிறக்க) வைக்க வேண்டும்.

உலைக்காரன்:
சரி, டெல்டா ஃபேஸை, அதாவது நிக்கலும் நியோபியமும் சேர்ந்த துகள்களை, மறந்துவிட்டீர்களே. 980-ல் சொல்யூஷன் ட்ரீட்மென்ட் (அந்தச் சூட்டில் வைத்து வேகமாக ஆற்றுவது) போட்டால் டெல்டா கிரெய்ன் எல்லைகளைப் பிடித்துக்கொள்ளும், வளர விடாது.

நிக்கல்தாசன்:
பிடித்துக்கொள்ளும், ஆனால் இருக்கிற அளவில்தான். ஏ.எஸ்.டி.எம். கிரெய்ன் அளவு எண் 4-ஆக வந்த பீஸ் 4-ஆகவே உலையை விட்டு வெளியே வரும். டெல்டா கரைந்து மறைகிற சூடு, நியோபியம் அளவைப் பொறுத்து, 1020-லிருந்து 1040 வரை. கடைசி ஹீட்டை அதற்குக் கீழே, 1000-ஐ ஒட்டி வைத்து, பீஸின் குறுக்களவு குறையும்படி நல்ல ரிடக்‌ஷன் கொடுத்தால்தான் 8, 9, 10 கிடைக்கும். எண் கூடக் கூடக் கிரெய்ன் பொடிசு: 5 என்றால் சுமார் 60 மைக்ரான், 10 என்றால் சுமார் 11. 650 டிகிரி வரை சுற்றுகிற டிஸ்க்கின் ஃபெடீக் ஆயுள் (மாறி மாறி வரும் லோடைத் தாங்கும் காலம்) இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

சம்மட்டி:
இரண்டு பேரும் உலை மீட்டரையே பார்க்கிறீர்கள். ஹாமரில் அடுத்தடுத்து அடி விழுந்தால் பீஸின் நடுப்பகுதி உலைச் சூட்டையே தாண்டிவிடும், 1000-ல் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உள்ளே டெல்டா கரைந்திருக்கும். டையை ஒட்டிய பகுதியோ சீக்கிரம் ஆறி, உலோகம் ஓடாமல் அப்படியே நிற்கும். ஒரு டிஸ்க்கை விட்டத்தில் அறுத்து, பாலிஷ் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெராக்ஸைடும் கலந்து எட்ச் பண்ணி, அதாவது மேற்பரப்பை அரிக்கவிட்டு, பாருங்கள். பொடிக் கிரெய்ன் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும், பெருத்த இடம் வெறுங்கண்ணுக்கே மினுமினுக்கும். ஒரே பீஸில் இரண்டும் இருந்தால் சராசரி எண்ணை எழுதி அனுப்புவது நியாயமே இல்லை.

உலைக்காரன்:
எல்லா வேலைக்கும் பொடிக் கிரெய்ன்தான் வேண்டுமா? எண்ணெய்க் கிணற்று வேலைக்கு ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) ஸ்பெக் 1021-லிருந்து 1052 வரை சொல்யூஷன் போடச் சொல்கிறது, டெல்டா எல்லைகளில் தொடர் வலையாகப் படர்ந்திருந்தால் ரிஜெக்ட். உயர்சூட்டில் க்ரீப் (லோடில் மெல்ல மெல்ல நீள்வது) தாங்கவும் பெரிய கிரெய்ன்தான் நல்லது, டர்பைன் பிளேடை ஒற்றைப் படிகமாகவே வார்க்கிறார்கள்.

நிக்கல்தாசன்:
பிளேடு கதை வேறு, அது வார்ப்பு, அதன் சூடும் வேறு. ஏ.பி.ஐ. உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது சார். அங்கே பிடித்துவைக்க டெல்டாவும் இல்லை, அதனால் ஃபோர்ஜிங்கில் சீராக வேலை கொடுக்காத இடம் சொல்யூஷனில் கண்டபடி வளரும்.

உலைக்காரன்:
இ.என்.24-ல் என் வழக்கத்தை மாற்றப்போவதில்லை. 718 பீஸ் ஒன்று ஏற்கெனவே பெருத்துவிட்டது என்றால் என்ன செய்வீர்கள்? லேசாக ஒரு ரீஸ்ட்ரைக் (மறுபடி ஓர் அடி) கொடுத்தால் போதாதா?

சம்மட்டி:
அதை மட்டும் செய்யாதீர்கள். சில சதவீத ஸ்ட்ரெயின் (உருமாற்றம்) மட்டும் கொடுப்பதுதான் ஆபத்தானது: புதுக் கிரெய்ன் பிறக்கப் போதாது, ஆனால் அங்கங்கே ஒன்றிரண்டு எல்லைகள் நகரப் போதும். சொல்யூஷன் முடிந்ததும் அந்தக் கிரெய்ன்கள் பக்கத்தில் உள்ளதை எல்லாம் விழுங்கிப் பூதாகரமாக நிற்கும். பீஸில் கூடுதல் உலோகம் (ஸ்டாக்) இருந்தால் சின்ன சைஸ் பீஸுக்கு மாற்றி முழு ரிடக்‌ஷனோடு மறுபடி அடியுங்கள். இல்லையென்றால் ஸ்கிராப்.