சூப்பர்வைசர் தொல்லை: கம்பெனியில் குழு இல்லை, புகாரை எங்கே கொடுப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். மொத்தம் 40 பேர். பக்கத்து டேபிள் தங்கச்சிக்கு 2 மாதமாகச் சூப்பர்வைசர் தொல்லை. பீஸ் எண்ணும் சாக்கில் தோளில் கை வைக்கிறார், ராத்திரியில் போன் செய்கிறார். அவர் வந்து நின்றாலே அவள் கையில் நூல் வெட்டும் கத்தரி நடுங்குகிறது, பார்க்கத் தாங்கவில்லை.

மேனேஜரிடம் சொன்னோம். "அனுசரித்துப் போங்கம்மா" என்றார். அவளை வேறு லைனுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம், அதுவும் நடக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி 10 பேர் இருந்தாலே உள் புகார்க் குழு அமைக்க வேண்டும். இங்கே குழுவே இல்லை.

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அவள் எழுதித் தரத் தயார், போன் வந்த தேதிகளும் குறித்து வைத்திருக்கிறோம்.

இந்த நிலையில் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழு நேரடியாகப் புகாரை எடுத்துக்கொள்ளுமா?