பீசோ பட்டையால் தகட்டின் அதிர்வைக் குறைத்தல்: புதுப்பிப்பு

ஒரு முனை இறுக்கிய அலுமினியத் தகட்டின் ஆட்டத்தை, அதில் ஒட்டிய பீசோ பட்டையோடு (வளைத்தால் மின்னழுத்தம் தரும் பட்டை) வெறும் மின்தடையை இணைத்து அடக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அடங்கியது, ஆனால் கொஞ்சம்தான். 53 கிலோ ஓம் வைத்தும் நெடுநேரம் ஆடியது.

சரி, அதற்கான பதிலில் நீங்கள் சொன்னபடி மின்தூண்டியையும் (கம்பிச் சுருள்) சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். பட்டை ஒரு மின்தேக்கி மாதிரி. என்னுடையது 100 நானோஃபாரட். தகடு ஆடுவது 30 ஹெர்ட்ஸில். மின்சுற்றும் தகட்டின் ஆட்டமும் ஒத்திசைய ஏறத்தாழ 281 ஹென்றி வேண்டும்! சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெரு முழுக்க அலைந்தும் அப்படி ஒரு சுருள் இல்லை. அங்கேயே இரண்டு ஆப்-ஆம்ப் (மின்னழுத்தத்தைப் பெருக்கும் சில்லு), சில மின்தடைகள், ஒரு மின்தேக்கி வாங்கிவந்து சுருள் இல்லாமலே சுருள் போல நடந்துகொள்ளும் செயற்கை மின்தூண்டி கட்டினேன். தொடரில் ஒரு மின்தடையும் உண்டு. அதிர்வின் ஆற்றல் வெப்பமாகக் கரைவது அதில்தான். இப்போது தட்டினால் தகடு சட்டென்று அடங்குகிறது. அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் சென்னை மதியத்தில் சுருதி விலகிவிடுகிறது. சூடு ஏறினால் பட்டையின் மின்தேக்குதிறன் கூடும், அதனால் பொட்டென்ஷியோமீட்டரை (மதிப்பை மாற்றக்கூடிய மின்தடை) திருகி மறுபடி சேர்க்கிறேன். அப்புறம், பலமாகத் தட்டினால் ஆப்-ஆம்ப் தன் மின்னழுத்த வரம்பை முட்டிவிடுகிறது. அதிக வோல்ட் தாங்கும் ஆப்-ஆம்ப் ஒன்றை அடுத்துப் போட்டுப் பார்க்கப்போகிறேன்.