பாட்டாவின் மேலுதடு சித்தியிடம் இருந்தது

இரணியலிலிருந்து:

நாகர்கோவில் வடசேரியில் மாடியறை வைத்து உருவப்படம் வரைகிற அண்ணாச்சியிடம் போனவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் என் பாட்டாவின் படத்துக்காகப் போனேன்.

பாட்டா பனையேறி. படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமே இல்லாதவர். அவர் போன பிறகு எங்களிடம் இருந்தது வாக்காளர் அட்டையில் உள்ள தபால்தலை அளவுப் படம் மட்டும்தான். ஒரு ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கி, கோட்டும் டையும் ஒட்டிக் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில் அதற்குத்தான் மாலை போட்டோம். அம்மை அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அண்ணாச்சி அட்டையை வாங்கி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். பிறகு கேள்விகள்தான். வெற்றிலை போடுவாரா, எந்தக் கன்னத்தில் அடக்குவார், கடைவாய்ப் பல் கடைசி வரை இருந்ததா, யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவாரா, உடம்போடு திரும்புவாரா? பனையேறி என்று சொன்னதும் அட்டையை மறுபடி எடுத்தார். "அப்படியானால் இது அவர் கழுத்தே இல்லையே, மக்களே" என்றார். படம் எடுத்தவர் நேருக்கு நேர் வெளிச்சத்தை அடித்திருக்கிறார்; நிழல் விழாத முகத்தில் எலும்பு தெரியாது என்று விளக்கினார். வாழ்நாளெல்லாம் பனையுச்சியை அண்ணாந்து பார்த்தவருக்குக் கண்ணின் வெளியோரத்தில் சுருக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். அட்டையில் அதன் சுவடே இல்லை.

"அவர் பிள்ளைகள் எல்லோரையும் அழைத்து வா" என்றார். அம்மை, மாமா, சித்தி மூவரும் போனோம். மாமாவின் காதையும் தாடையையும் தனித்தனித் தாளில் கரியால் வரைந்துகொண்டார். சித்தியை மட்டும் பேசவிட்டார். பதநீர் விலைக்காகப் பாட்டா ஒரு வியாபாரியிடம் மல்லுக்கு நின்ற கதையைச் சித்தி சொல்லச் சொல்ல, அவர் மேலுதட்டின் இடதுபக்கம் லேசாக மேலேறியது. அண்ணாச்சி கையை நிறுத்தி, "இது அப்பாவுடையதா?" என்று கேட்டார். சித்தி யோசிப்பதற்குள் அம்மை முந்திக்கொண்டு "ஆமாம், அப்படியே அப்பாதான்" என்றார்.

கட்டம் போட்டுப் பெரிதாக்கும் பழைய முறையை அவர் விட்டுவிடவில்லை. அட்டைப் படத்தின் நகலில் சின்னக் கட்டங்கள், தாளில் அதே விகிதத்தில் பெரிய கட்டங்கள். ஆனால் கண், மூக்கு, வாய் எங்கெங்கே என்று குறித்ததும் கட்டங்களை அழித்துவிட்டார். சாயல் கண்ணில் இருக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ வாய்க்கோடியிலேயே நெடுநேரம் நின்றார். கரியை விரல் நுனியால் ஒற்றுவார், பிசைந்து கூராக்கிய ரப்பரால் துளி எடுப்பார், எட்டிப்போய்ப் பார்ப்பார், மறுபடி ஒற்றுவார். விழியின் வெள்ளையை வெள்ளையாக விடவே இல்லை. இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது என்று சாம்பல் பூசினார். கருவிழியில் ஒரே ஒரு புள்ளியைத்தான் வெள்ளையாக எடுத்தார். கோட்டு இல்லை, டை இல்லை, தோளில் துவர்த்து, அதாவது துண்டு. அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது.

தக்கலையிலிருந்து:

நான் அவரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொள்கிறேன். பாடம் என்று தனியாக எதுவும் கிடையாது. அவர் வரையும்போது பின்னால் நிற்கலாம். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது, இளைஞரான ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர மனமில்லாமல், தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். அண்ணாச்சி இதை அடிக்கடி சொல்வார். 1956 வரை நம் ஊர்களும் திருவிதாங்கூர்ப் பகுதிதான் என்பதால், ரவிவர்மாவைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதைப் போன்ற உரிமையோடு பேசுவார். ஆனால் பார்க்கவிடுவதோடு இவர் நிற்பதில்லை. கேட்டால் தூரிகையைக் கையில் கொடுத்துவிடுவார்.

அவருடைய எண்ணெய் ஓவியங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தோலுக்குக் கறுப்பு வண்ணத்தைத் தொட அவர் விடமாட்டார். கறுப்பைக் கலந்தால் கறுத்த முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். எரித்த சியன்னா என்ற செம்பழுப்போடு அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்தால் ஆழமான, சூடான நிழல் வரும். வெளிச்சம் விழும் இடத்துக்கு மஞ்சள் காவியும் கொஞ்சம் வெள்ளையும். வெயிலில் உழைத்தவரின் நெற்றியில் வானத்தின் நீலம் மெல்லப் படிந்திருக்கும் என்று அவர் காட்டிய பிறகுதான் என் அப்பாவின் நெற்றியிலேயே நான் அதைப் பார்த்தேன்.

அந்த வெள்ளை டைட்டானியம் வெள்ளை. அதன் மூலப்பொருள்களில் ஒன்றான இல்மனைட் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கிறது. காலடியில் கறுப்பாகக் கிடப்பது தூரிகையில் வெள்ளையாக வருகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

இன்னொரு விஷயம், நம் மழை. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் குமரி. எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. ஈரக்காற்றில் அது மெதுவாகவே நடக்கும். அதனால் அடிப்பூச்சை டர்பன்டைன் விட்டு மெல்லியதாக, சீக்கிரம் இறுகும் அம்பர் என்ற பழுப்பு மண் நிறத்தில் போடுவார். மேலே போகப் போகத்தான் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டுவார். இந்த வரிசை தலைகீழானால் ஓவியம் பின்னாளில் வெடித்துவிடும்.

சின்னத்துறையிலிருந்து:

என் தம்பி ஒக்கிப் புயலில் போனவன். 2017 நவம்பர் 30 என்றால் எங்கள் கடற்கரை ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடல் கிடைக்கவில்லை. பல வீடுகளில் அப்படித்தான். பூசைக்கு வைக்க மீனவர் அடையாள அட்டைப் படம் மட்டும் இருந்தது, அதுவும் அவனுக்கு மீசை முளைக்கிற வயதில் எடுத்தது.

அம்மையால் நாகர்கோவில் வரை பயணம் செய்ய முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சியே பஸ் ஏறி வந்துவிட்டார். அம்மை அவரிடம் முதலில் சொன்னது, "என் மகனை வெளுப்பாக்கிவிடாதீர்கள்" என்பதுதான். பெரிதாக்கிய படங்களில் எங்கள் பிள்ளைகள் எல்லோருமே வெளுத்துப்போயிருந்தார்கள். அண்ணாச்சி என் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்தார். வண்ணத்தைக் கத்தியில் கலந்து அவன் முன்கையின் அருகே பிடித்துப் பார்ப்பார், மாற்றுவார், மறுபடி பிடிப்பார். "இன்னும் கறுப்பு, வள்ளத்தில் போகிற பிள்ளை" என்பார் அம்மை. வெயிலும் உப்பும் பட்டுச் செம்பட்டையான முன்மயிரையும், புருவத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்பையும் அம்மை தன் முகத்திலேயே விரலால் தொட்டுக் காட்டினார். அட்டையில் அந்தத் தழும்பு கிடையாது, அதற்குப் பிந்தியது.

சிலர் அவர் வேலை மெதுவானது என்று குறை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மதியம் முழுவதும் அம்மை தன் மகனைப் பற்றி ஒருவரிடம் பேசினார், அவரும் எழுந்து போகாமல் கேட்டார். அதற்கு முன்பு அம்மையிடம் வந்தவர்கள் எல்லோரும் படிவம் நிரப்பத்தான் வந்தார்கள்.

இரணியலிலிருந்து மறுபடியும்:

எப்போது கொடுத்தால் கிடைக்கும் என்று கேட்டவருக்கு: எண்ணெய் ஓவியம் என்றால் ஐப்பசி மழைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நினைவு நாள் நெருங்கிவிட்டது என்றால் கரி ஓவியம் கேளுங்கள். கரியைத் தாளோடு பிடித்துவைக்கும் பிக்சேட்டிவ் திரவம் தெளித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவார், கரி உதிராது. வெறும் படத்தோடு போக வேண்டாம், ரத்த உறவில் ஒருவரையாவது அழைத்துப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள்.