மூன்றாம் பருவம் வருகிறது, காப்பிப் பழம் எடுக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு எப்படி வர வைப்பது?

கேள்வி: மலைப்பள்ளி அம்மா (ஏற்காடு)

எல்லோருக்கும் வணக்கம். நாகலூர்ப் பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் என் மகள் நான்காவது படிக்கிறாள், மகன் ஒன்றாவது. ஈராசிரியர் பள்ளி, தலைமை ஆசிரியரும் இன்னொரு டீச்சரும்தான் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். அரையாண்டு லீவு முடிந்து திறந்தால் மூன்றாம் பருவம், அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

போன வருடம் ஜனவரியில் 31 பிள்ளைகளில் சில நாள் 14 பேர்தான் வந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், காப்பிப் பறிப்பு. நவம்பரில் ஆரம்பித்தால் ஜனவரி, சில தோட்டத்தில் பிப்ரவரி வரை இழுக்கிறது. ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது, சிவந்ததை மட்டும் பறித்துவிட்டு அதே செடிக்கு மூன்று நான்கு தடவை திரும்ப வரவேண்டும். அம்மாக்கள் பனி விலகுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குப் பிள்ளையை எழுப்பி, தலை சீவி அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. அதனால் கூடவே தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், இல்லாவிட்டால் மூத்த பெண் குழந்தை கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானும் பழம் எடுக்கப் போகிறவள்தான். வருடத்தில் கையில் நாலு காசு சேருகிற மாதம் அது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். மாதம் ஒரு முறை பெற்றோருக்குப் பள்ளிச் செய்தி சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பாதிப் பேர் இல்லை, இருக்கிறவர்களுக்கும் சிக்னல் கிடைப்பதில்லை. பரீட்சை எப்போது, ஆண்டு விழா எப்போது என்று கடைசி நாளில்தான் தெரிகிறது. எதை எழுதுவது, எங்கே ஒட்டுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

அம்மா, நான் மலையில் 11 வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை ஒரு பெற்றோரே கேட்பது எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

நிறையப் பெற்றோர் "ஏப்ரலில்தானே பரீட்சை, மார்ச்சில் உட்கார்ந்து படித்தால் போதும்" என்று நினைக்கிறார்கள். அது பழைய முழு ஆண்டுத் தேர்வுக் காலத்துக் கணக்கு. 2012-13இல் முப்பருவ முறை வந்த பிறகு ஒவ்வொரு பருவத்திலும் 100க்கு 40 மதிப்பெண் வளரறி மதிப்பீடு, கடைசியில் எழுதும் தொகுத்தறி 60தான். அந்த 40 வகுப்பில் செய்கிற செயல்பாடு, சின்னச் சின்னத் தேர்வு இவற்றிலிருந்து வருவது. ஜனவரி முழுக்க வராத பிள்ளைக்கு அதை மார்ச்சில் உட்கார்ந்து ஈடுகட்ட முடியாது. அதுவும் மூன்றாம் பருவம் நீளமானதும் இல்லை, பொங்கல் லீவு, குடியரசு தினம் எல்லாம் போக எண்ணிப்பார்த்தால் உங்களுக்கே தெரியும். அதனால் நீங்கள் எழுதும் முதல் செய்தியில் பரீட்சைத் தேதியை விட இதைத்தான் பெரிய எழுத்தில் போடவேண்டும்.

மதிப்பெண்ணை விட்டுவிட்டு இன்னொன்றும் பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எல்லா அம்மாவும் கேட்கவேண்டும். நான்காவது படிக்கிற பிள்ளை அரும்பிலேயே இருந்தால் அவளிடம் நான்காவது பாடத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரவேண்டும், ஒற்றெழுத்தும் கொம்பும் காலும் பிடிபடவேண்டும், அப்புறம்தான் மற்றது.

ஆண்டு விழா ஒத்திகைக்கு என்று மூன்று வாரம் பாட்டும் டான்ஸுமாகப் போய்விடும், அதை மட்டும் இந்தப் பருவத்தில் சுருக்கச் சொல்லுங்கள்.

பதில்: சில்வர் ஓக்

அக்கா, எனக்குத் தெரிந்த வழி ஒன்று. காலை உணவு சமைக்கிற அக்காக்கள் எத்தனை மணிக்குப் பள்ளிக்கு வருகிறார்கள் என்று பாருங்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளியிலும் காலை உணவு இருக்கிறது, சமைக்கிறவர்களும் நம் ஊர் மகளிர் குழுப் பெண்கள்தான். அவர்கள் விடிகாலையிலேயே அங்கே இருப்பார்கள். எங்கள் பக்கத்தில், வேலைக்குப் போகும்போதே பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போவது என்று போன வருடம் பேசி முடிவு செய்தோம். பிள்ளை அங்கேயே முகம் கழுவி, சாப்பிட்டு, வகுப்புக்குப் போய்விடும். தலை சீவவில்லை என்று யாரும் திட்டக்கூடாது, அதையும் டீச்சரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்.

ஆனால் சமைக்கிறவர்கள் தலையில் பிள்ளைகளைக் கட்டக்கூடாது. அடுப்பு எரிகிற இடம், கொதிக்கிற பாத்திரம் இருக்கும். பழம் எடுக்கப் போகாத ஒரு பாட்டியோ அத்தையோ தினம் ஒருவர் முறை வைத்து வராந்தாவில் உட்காரவேண்டும். தலைமை ஆசிரியர் சம்மதத்தோடு மேலாண்மைக் குழுவில் தீர்மானமாக எழுதி வைத்துவிடுங்கள், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பேச்சு வரக்கூடாது.

எஸ்டேட் மேஸ்திரியிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளையை விட்டுவிட்டு வருகிற அம்மா கால் மணி நேரம் தாமதமாக வந்தால் ஆள் கணக்கிலிருந்து விட்டுவிடவேண்டாம் என்று. எங்கள் மேஸ்திரி கேட்டுக்கொண்டார், அவர் பேத்தியும் அதே பள்ளிதான்.

பதில்: மாலை வகுப்பு (சேலம்)

நான் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவள். ஐயா சொன்ன 40, 60 கணக்கு ரொம்பச் சரி, ஆனால் ஆண்டு விழாவைச் சுருக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கூட்டத்துக்கு வராத அப்பாக்கூட பிள்ளை மேடை ஏறுகிறது என்றால் அரைநாள் லீவு போட்டு வருகிறார். அன்றைக்கு வந்தவர்களிடம்தான் நாங்கள் பேசமுடிந்தது. ஒத்திகையை மதியத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் படிப்பு கெடாது. படிக்கத் திணறுகிற பிள்ளைக்கு நாடகத்தில் நாலு வரி வசனம் கொடுத்துப் பாருங்கள், அதைப் படித்தே தீரவேண்டும் என்று அதுவே உட்கார்ந்து எழுத்துக்கூட்டும்.

செய்தி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதாதீர்கள் அக்கா, நாலாவது ஐந்தாவது பிள்ளைகளை எழுத வையுங்கள். ஒரு சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா போதும். இந்த வாரம் எத்தனை பேர் முழுசாக வந்தார்கள், பரீட்சை எந்த மாதம், யாருக்கு உடம்பு சரியில்லை, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் சரியாகிவிட்டதா, இவ்வளவுதான். வராத பிள்ளைகள் பேரை மட்டும் எழுதவே கூடாது, அந்த அம்மா மறுபடி பள்ளிப் பக்கமே வரமாட்டாள். ரேஷன் கடையில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, காலையில் ஆள் பிரிக்கிற இடத்தில் ஒன்று ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு அவள் பிள்ளையே நின்று வாசித்துக் காட்டும், பாதி நோக்கம் அதுதான்.

சாயங்காலம் வீட்டில் செய்ய ஒரு வேலை: அம்மா கொண்டுவரும் பறிப்புக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். இன்றைக்கு 38 கிலோ, நேற்று 45, எவ்வளவு குறைவு? எட்டிலிருந்து ஐந்தைக் கழித்து 13 என்று சொல்கிற பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை என்று அர்த்தம், விடை 7. ஆறு நாள் கிலோவையும் கூட்டச் சொல்லுங்கள், கூலியையும் பெருக்கச் சொல்லுங்கள். தன் வீட்டுப் பணம் என்றால் பிள்ளைகள் தப்பு விடுவதே இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: அடிவாரம்

மேலே யாரும் ஐந்தாவது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர்களுக்கு இதுதான் இந்தப் பள்ளியில் கடைசிப் பருவம். ஆறாவதுக்கு எங்கே என்பதை ஏப்ரலில் யோசித்தால் பிள்ளை ஜூனில் வீட்டில் நிற்கும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வருவது, விசாரணைக்கு நாள் ஆகும். இல்லாதவர்கள் ஜனவரியிலேயே இ-சேவையில் பதிந்துவிடவேண்டும். என் அண்ணன் மகனுக்கு இது தாமதமாகி விடுதியில் இடம் கிடைக்காமல் அலைந்தோம், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

பெண் பிள்ளையைக் கீழே தனியார் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கிற வீடுகளிலும் ஒன்று சொல்லுங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கும், மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். ஆறாவதில் எடுக்கிற முடிவு அவ்வளவு தூரம் போகிறது.

மலைப்பள்ளி அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அரும்பு, மொட்டு விஷயம் எனக்குத் தெரியாது ஐயா, டீச்சரிடம் கேட்டேன், என் மகள் தமிழில் மொட்டு, கணக்கில் அரும்பு என்றார். கஷ்டமாகத்தான் இருந்தது. நேற்று ராத்திரி என் பறிப்புக் கணக்கைக் கொடுத்துக் கழிக்கச் சொன்னேன், மூன்றாவது தடவையில் சரியாகச் சொன்னாள்.

சமைக்கிற அக்காவிடம் பேசிவிட்டேன், அவர் சரி என்கிறார். வராந்தாவில் உட்கார இரண்டு பாட்டிகள் தயார், மூன்றாவது ஆள் தேடுகிறேன். ஐந்தாவதில் ஆறு பேர், அதில் நாலு பேருக்குச் சான்றிதழ் இல்லை. பள்ளி திறந்த வாரமே அந்த நாலு வீட்டுக்கும் போகிறேன். ஆண்டு விழாவை விடப்போவதில்லை, ஒத்திகை மதியம் மூன்று மணிக்கு மேல்தான் என்று கூட்டத்தில் கேட்கப்போகிறேன்.

லீவிலேயே நாலு பிள்ளைகளை உட்கார வைத்து முதல் அட்டையை எழுதியாகிவிட்டது. கடைசி வரி என் மகள் எழுதியது: "அம்மாக்களே, பழம் எடுக்கப் போகும்போது எங்களைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போங்கள்." ரேஷன் கடைக்காரர் கதவிலேயே ஒட்டச் சொல்லிவிட்டார்.