மறு: மறு: மார்ஃபோஜனுக்குத் தமிழில் என்ன? (திங்கள்கிழமை அச்சு)

ஐயா, வணக்கம்.

கருவில் பரவி நின்று உடலின் உரு அமையக் காரணமாகும் பொருள்தான் மார்ஃபோஜன். நம் பாடத்தில் அதற்குப் போட நீங்கள் சொன்ன ‘உருவீனி’யை நேற்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். உரு + ஈனி, முற்றியலுகரம், வகர உடம்படுமெய், புணர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. கரும்பலகையில் எழுதியதும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி “மாடு ஈனுற மாதிரியா சார்?” என்று கேட்டாள். நீங்கள் ‘ஈன்று புறந்தருதல்’ என்று புறநானூற்றைக் காட்டுகிறீர்கள், அவளுக்குத் தொழுவம்தான் தெரிகிறது. ஈன், இனம் இரண்டும் ஒரே வேரா என்று நீங்கள் கேட்டதைத் தனி இழையில் பேசுவோம், எனக்கும் ஆசைதான்.

என் கவலை பொருளைப் பற்றியது. பழ ஈயின் கரு அரை மில்லிமீட்டர் நீளம். பைகாய்டு என்ற புரதம்தான் அதில் மார்ஃபோஜன். அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய ஆர்.என்.ஏ.வைத் தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிடுகிறது. புரதம் முன்னே செறிவாகவும் போகப் போக நீர்த்தும் பரவி நிற்க, ஒவ்வொரு உட்கருவும் தன்னருகில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து மரபணுக்களைத் திறக்கிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு நடக்கிறவர் மல்லி வாசனை ஏறுவதை வைத்தே நெருங்கிவிட்டோம் என்று சொல்லிவிடுவார் இல்லையா, அப்படி. தாய் ஈயில் பைகாய்டு மரபணுவின் நகல்களைக் கூட்டினால் தலைக்கான எல்லை பின்னால் தள்ளிப் போகிறது, 1988-இல் செய்து காட்டினார்கள். இடத்தைச் சொல்வதோடு புரதத்தின் வேலை முடிகிறது, மிச்சம் உட்கருக்களின் பாடு. அதனால்தான் ‘இடமுணர்த்தி’ என்கிறேன்.

மார்ஃபோஜன் என்றே விடலாம், ஹார்மோனை விடவில்லையா என்று அண்ணன் கேட்டிருந்தார். ஹார்மோன் ஆஸ்பத்திரி வழியாக வீட்டுக்குள் வந்த சொல். இது பாடத்தைத் தாண்டி வராது அண்ணே.

இடமுணர்த்திக்கு அம்மா எழுதிய மறுப்புதான் உறுத்துகிறது. கணிதவியலாளர் டூரிங் 1952-இல் மார்ஃபோஜன் என்ற சொல்லைப் படைத்தபோது உருவை உண்டாக்குவது என்றே பொருள் வைத்தார். அவர் கணக்கில் இரண்டு வேதிப்பொருள்கள் வினைபுரிந்து, பரவி, தாமே கோலம் போடுகின்றன. இடத்தைச் சொல்லும் வேலையே அங்கே இல்லை. இடத்தகவல் என்ற கருத்தை உயிரியலாளர் வோல்பெர்ட் முன்வைத்தது 1969-இல். டூரிங்குக்கு என் சொல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

எழுதிய ஆறு பேரில் நாலு பேர் இடமுணர்த்தி பக்கம். பழ ஈப் பாடத்தில் அதையும் டூரிங் பத்தியில் உருவீனியையும் போட்டு அச்சுக்குக் கொடுக்கிறேன். செறிவு போகப் போகக் குறைவதைக் குறிக்கும் ‘செறிவுச் சாய்வு’ என்ற சொல்லில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

---

ஐயாவின் பதில்:

தம்பி, ஒரே பாடத்தில் இரண்டு சொல் போட்டால் இரண்டும் வேறு வேறு பொருள் என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்? தேர்வில் எதைக் கேட்பீர்கள்? வாழையும் ஈனும், நெல்லும் ஈனும், தொழுவத்தோடு நிற்கிற சொல்லில்லை அது. எனக்கு உருவீனிதான்.