புதுப்பிப்பு: அப்பத்தாவை அந்தமான் சிறைக்கு அழைத்துப் போய் வந்தோம்

78 வயது அப்பத்தாவைக் காரைக்குடியிலிருந்து அந்தமான் செல்லுலார் சிறைக்கு அழைத்துப் போகலாமா, முழங்கால் தாங்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பல்லவன் ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம். பயணத்தில் சிரமமே இல்லை. சிறையின் மாடிக்கு மட்டும் அப்பத்தாவை ஏற்றவில்லை.

ஆங்கிலேயர் 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்த சிறை. ஏழு கட்டடச் சிறகுகளில் இன்று நிற்பவை மூன்றுதான். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கிறது. கைதிக்கு எதிரே இன்னொரு முகம் தெரியவே கூடாது என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். என்ன கொடுமை!

ஓர் அறைக் கதவருகே அப்பத்தா வெகுநேரம் நின்றுவிட்டார். தாழ்ப்பாள் நீண்டு, சற்றுத் தள்ளிச் சுவரில் உள்ள குழிக்குள் போய் முடிகிறது. அப்பத்தா உள்ளே போய்க் கம்பி வழியே கையை நீட்டிப் பார்த்தார். வளையல் கம்பியில் உரசியதுதான் மிச்சம், விரல் எட்டவில்லை.

செங்கல் பர்மாவிலிருந்து வந்தது என்றேன். "நம் வீட்டுத் தூணுக்குத் தேக்கு வந்த இடத்திலிருந்தா?" என்று கேட்டவர், பிறகு வெகுநேரம் பேசவில்லை.

எண்ணெய் ஆட்டும் செக்கைப் பார்த்ததும் கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.தான் நினைவுக்கு வந்தார். அப்பத்தா அங்கே கைகூப்பினார்.

முதியவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், முற்றத்தில் வெயில் கடுமை. ஒலி, ஒளிக் காட்சிக்கு மாலையில் மறுபடியும் வரலாம்.