‘முடித்தார்’ என்று சொல்ல நினைத்தேன்: ஸ்பானிய அசைகளும் அழுத்தமும்

நான் மாட்ரிடில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், சக ஊழியர் அறிக்கையை முடித்துவிட்டார் என்று மேலாளரிடம் தெரிவிக்க நினைத்து, ‘தெர்மினோ’ என்னும் சொல்லின் நடு அசையை அழுத்திச் சொல்லிவிட்டேன். கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால்தான் அது ‘முடித்தார்’. நடுவில் விழுந்தால் ‘நான் முடிக்கிறேன்’. முதல் அசையில் விழுந்தால் அது வினையே அன்று, ‘கலைச்சொல்’ என்று பொருள்படும் பெயர். தமிழைப் போலவே ஸ்பானியத்திலும் எழுவாயைச் சொல்லாமல் விடுவது வழக்கம் என்பதால், முடித்தவர் யார் என்பதை அழுத்தம் ஒன்றே காட்ட வேண்டியிருந்தது. அறிக்கையை நான் எழுதித் தருவேன் என்று மேலாளர் மாலை வரை காத்திருந்தார்.

பிறகு சேர்ந்த மாலை வகுப்பில், தெருமுனையில் நிற்பவரை அழைப்பதுபோல் ஒவ்வொரு சொல்லையும் கூவச் சொன்னார் ஆசிரியை. எந்த அசை தானாக நீள்கிறதோ, அங்கேதான் அழுத்தம். குறில் நெடில் பழகிய என் காதுக்கு விதியைவிட இதுவே முதலில் பிடிபட்டது. விதியும் எளியதே: உயிர், ‘ன்’, ‘ஸ்’ ஆகியவற்றில் முடியும் சொல்லுக்கு ஈற்றயல் அசையிலும், மற்றவற்றுக்கு ஈற்றசையிலும் அழுத்தம் விழும், மாறினால் உயிரெழுத்தின்மேல் சாய்கோடு இடுவார்கள். இளைஞரைக் குறிக்கும் ‘ஹோ-பென்’ சொல்லுக்குக் கோடில்லை. பன்மையில் ‘ஹோ-பெ-னெஸ்’ என்று ஓர் அசை கூடியும் அழுத்தம் முதல் அசையிலேயே நிற்பதால், அங்கே கோடு வந்துவிடுகிறது.

*

நான் இடறியது அசை பிரிப்பதில். ‘நாடு’ என்னும் பொருளுடைய சொல்லில் அகரமும் இகரமும் அடுத்தடுத்து நிற்கக் கண்டு, அதை நம் ஐகாரமாகவே எண்ணிப் ‘பைஸ்’ என்று ஓரசையாகச் சொல்லிவந்தேன். நடனத்தைக் குறிக்கும் ‘பை-லே’ சொல்லில் அவ்வாறு சேர்வது சரி. இங்கோ இகரத்தின்மேல் கோடு இருப்பதால் ‘ப-ஈஸ்’ என்று பிரிக்க வேண்டும். அ, எ, ஒ மூன்றும் தமக்குள் எப்போதும் தனித்தனி அசைகளே என்பதால், கவிஞர் ‘போ-எ-தா’ ஆகிறார். என் நாக்கு அதற்குள் யகர உடம்படுமெய்யைப் புகுத்துவதை நிறுத்தப் பல வாரங்கள் கைதட்டிப் பழக வேண்டியிருந்தது.

இணைப்புக்கோட்டைக் குறிக்கும் ‘கியோன்’ சொல்லை, எழுத்தளவில் ஓரசையாகவே கொள்ள வேண்டுமென்று ஸ்பானிய அரச அகாதெமி 2010இல் முடிவுசெய்து, அதன் சாய்கோட்டை நீக்கிவிட்டது. ஆனால் எங்கள் அண்டை வீட்டு மூதாட்டி இன்றும் ‘கி-ஓன்’ என்று இரண்டு அசைகளாகத்தான் சொல்கிறார்.